ஏர் ரைஃபிளா, ஏர் பிஸ்டலா? திண்டுக்கல் பக்கம் ஏர் கன் வாங்குறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா, பழனி தைப்பூசம்... திருவிழாக் கடைவீதியில் பலூன் சுட்டுப் பார்த்தவர்களுக்கு ஏர் கன் புதிதல்ல. குழலை மடக்கி, பெல்லட்டை உள்ளே வைத்து, நிமிர்த்தி, டிரிகரை இழுத்தால் 'டப்'. பத்து முறை சுட்டால் நாலு பலூன் உடையும். மீதிக்குக் குறி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வருவது வழக்கம்.

இப்போது அதே துப்பாக்கியை சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பொதுவாக மூன்று வகை ஆட்கள். மாடியில் டின் டப்பாவை வைத்துச் சுட்டுப் பழக ஆசைப்படும் ஹாபிக்காரர்கள் ஒரு பக்கம். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் பக்கம் தோட்டத்தைப் பறவைகளிடமிருந்து காப்பாற்ற வழி தேடும் விவசாயிகள் இன்னொரு பக்கம். மூன்றாவது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு "என் பிள்ளையும் சுடட்டுமே" என்று யோசிக்கும் பெற்றோர்.

இந்த மூன்று பேருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தாது. ஆனால் மூன்று பேர் காதிலும் விழுவது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "இது பவர் ஜாஸ்தி சார்." ஏர் கன்னைப் பொறுத்தவரை பவரை வைத்துத் தேர்வு செய்வதுதான் தப்பான தேர்வு. சில நேரம் அது ஜெயில் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா?

"ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-ல் வெளியான ஆயுத விதிகள் இரண்டு எல்லைகளை வைத்திருக்கின்றன. ஒன்று, குழலின் விட்டம். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, குழல் வாயிலிருந்து பெல்லட் வெளியேறும்போது இருக்கும் ஆற்றல். அது 20 ஜூலைத் தாண்டக் கூடாது.

இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தாண்டினால்தான் தப்பு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. .22 என்று சொல்லப்படும் 5.5 மி.மீ ரகம், அதற்கும் பெரிய .25 ரகம் ஆகியவை எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் வட்டத்துக்குள்தான் வரும். ரைஃபிளோ பிஸ்டலோ, கணக்கு ஒன்றுதான்.

கடையில் .177 என்று வாங்கி, பிறகு "ஸ்பிரிங்கை மாத்திக் கொடுக்கிறேன், செம ஸ்பீடு வரும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. 20 ஜூலைத் தாண்டிய நிமிடம் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஆகிவிடும். வாங்கும்போது பில், மாடல் பெயர், வரிசை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். அடையாள அட்டை நகல் கேட்கும் கடைக்காரர் தொந்தரவு செய்பவர் அல்ல. எதுவுமே கேட்காமல் பார்சல் கட்டுபவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

'1,000 எப்பிஎஸ்' என்ற எண்ணை நம்பலாமா?

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது எப்பிஎஸ். ஒரு விநாடிக்கு பெல்லட் எத்தனை அடி பறக்கிறது என்பதுதான் அது. 1,000 எப்பிஎஸ் என்றால் விநாடிக்கு சுமார் 305 மீட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த எடை பெல்லட்டை வைத்து அந்த வேகம் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பெல்லட்டின் எடையில் பாதியை, வேகத்தின் இருமடி ஆல் பெருக்கினால் ஆற்றல். 0.34 கிராம் எடையுள்ள லேசான பெல்லட் 305 மீட்டர் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 16 ஜூல். அதே வேகத்தில் 0.53 கிராம் ஈய பெல்லட் போனால் 25 ஜூலை நெருங்கிவிடும். முதலாவது லைசென்ஸ் தேவைப்படாத பக்கம், இரண்டாவது தேவைப்படும் பக்கம். எப்பிஎஸ் எண் இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் பெட்டியில் ஜூல் கணக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். விளம்பரத்துக்காக லேசான பெல்லட்டை வைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டுவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். ஒலியின் வேகத்தை, அதாவது விநாடிக்கு சுமார் 345 மீட்டரை நெருங்கும்போது பெல்லட் தள்ளாட ஆரம்பிக்கும். வேகம் கூடும், குறி கெடும். ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் சுடும் ரைஃபிள்கள் விநாடிக்கு சுமார் 170 மீட்டர், ஏழெட்டு ஜூல் அளவில்தான் சுடுகின்றன. உலகத்தின் மிகத் துல்லியமான ஏர் ரைஃபிள் சட்ட எல்லையில் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஸ்பிரிங்கா, பிசிபியா? ஹாபிக்காரர்களின் ஓயாத சண்டை

நாலு ஏர் கன் ரசிகர்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

இந்தியாவில் பலர் முதலில் தொட்ட துப்பாக்கி ஐஎச்பி. வால்சந்த் ஹிராசந்த் 1926-ல் தொடங்கிய இந்தியன் ஹியூம் பைப் நிறுவனம்தான் இது. ஆமாம், சிமென்ட் குழாய் செய்யும் அதே கம்பெனி. அதன் 'நேஷனல் 35' மாடல், ஜெர்மனியின் டயானா 35-ஐ ஒட்டிய வடிவம். டயானா 1890-ல் ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் பிறந்த கம்பெனி. தாத்தா காலத்து டயானா பரணில் கிடந்தால், பெருமைப்படுவதற்கு முன்பு அது .177 தானா .22-வா என்று பார்த்துவிடுங்கள். பழைய டயானாக்கள் இரண்டு அளவிலும் வந்தன.

இவை எல்லாம் ஸ்பிரிங் வகை. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கும். டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்த, காற்று பெல்லட்டைத் தள்ளும். சிலிண்டர், பம்பு எதுவும் வேண்டாம். பரணிலிருந்து எடுத்துத் துடைத்துச் சுடலாம். கெட்டுப் போனாலும் ஸ்பிரிங், சீல், வாஷர் மாற்றினால் எழுந்துவிடும். 'ஸ்பிரிங் கட்சி'யின் வாதம் இதுதான்.

கெட்டது என்னவென்றால், ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் கிளம்பும்போது பின்னால் ஒரு உதை, அது முன்னால் போய் முட்டி நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு உதை. இவ்வளவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் நடந்து முடிகிறது. அதனால் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, அது போகிற போக்கில் உதைக்க விட வேண்டும். சாதாரண டெலஸ்கோப் மாட்டினால் இந்த இரட்டை உதையில் சீக்கிரமே உள்ளே கண்ணாடி ஆடிவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று சொல்லி வாங்க வேண்டும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. பிஸ்டனுக்கு முன்னால் தடுப்புக் காற்று இல்லாமல் நேராக இரும்பில் போய் மோதும். குழலுக்குள் எண்ணெயைத் தாராளமாக விட்டால் அழுத்தத்தில் அந்த எண்ணெய் தீப்பற்றி வெடிச் சத்தமும் புகையும் வரும். "பவர் ஏறிடுச்சு" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சீல் கருகிக்கொண்டிருக்கும்.

பிசிபி வகையில் கதையே வேறு. துப்பாக்கியோடு இருக்கும் சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. உதை கிட்டத்தட்ட இல்லை. குறி பார்த்த இடத்தில் போய் விழும். ஒலிம்பிக் ரைஃபிள்கள் இந்த வகைதான். உள்நாட்டில் மகாராஷ்டிராவைச் சேர்ந்த பிரெசிஹோல் நிறுவனம் பிசிபி, ஸ்பிரிங் இரண்டு ரகமும் செய்கிறது. உலோகத்தில் ஆழமாகத் துளை போடும் இயந்திரங்கள் தயாரிக்கும் குழுமம் என்பதால் குழல் விஷயத்தில் அவர்களுக்கு அனுபவம் உண்டு. ஐஎச்பி-யா பிரெசிஹோலா என்ற விவாதத்தில் பழைய ஆட்கள் முதலாவதன் உழைப்பையும், புது ஆட்கள் இரண்டாவதன் துல்லியத்தையும் சொல்வார்கள்.

பிசிபி-யின் தலைவலி காற்று. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். பிசிபி சிலிண்டரில் 200 பார் அளவில் நிரப்ப வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஏத்திக்கலாம்னு நினைச்சா நடக்காது. அதற்கென்றே உள்ள கைப்பம்பு வேண்டும். அடித்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் இருக்கிறதே என்று அதை மட்டும் நிரப்பிவிடக் கூடாது. அதிக அழுத்த ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் வெடிக்கும். இதில் விளையாட்டே வேண்டாம்.

மூன்றாவது ரகம், 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுவது. பிஸ்டல்களில் அதிகம். இந்த வாயுவின் அழுத்தம் வெயிலைப் பொறுத்து மாறும். சித்திரை வெயிலில் மத்தியானம் சுட்டால் ஒரு வேகம், மார்கழிக் காலையில் சுட்டால் வேறு வேகம். மளமளவென்று சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் இறங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பிகளை விட்டுவைக்கக் கூடாது.

பெல்லட் பற்றி ஒரே வார்த்தை: விலை உயர்ந்தது எல்லாம் உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்று இல்லை. நாலைந்து ரகத்தில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக ஒரே அட்டையில் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள்.

பிஸ்டல் ஏன் கஷ்டம்?

பிஸ்டல் சின்னது, கையடக்கம், அதனால் சுலபம் என்று நினைத்து வாங்குபவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். ரைஃபிளுக்குத் தோள் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது. போட்டி பிஸ்டலுக்கு ஒரே ஒரு கை. முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் கை ஒரு நூலிழை ஆடினாலும் இலக்கில் சாண் கணக்கில் விலகும்.

விதிகளே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கின்றன. இரண்டு போட்டிகளும் 10 மீட்டர்தான். ரைஃபிள் இலக்கில் 10 மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்; பேனா முனை அளவு. பிஸ்டல் இலக்கில் அதே 10-க்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைஃபிள் 5.5 கிலோவரை இருக்கலாம். பிஸ்டல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, டிரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை வேண்டும். தகுதிச் சுற்றில் இரண்டிலும் 60 முறை சுட வேண்டும், நேரம் ஒன்றேகால் மணி.

போட்டிக்காரர்களிடம் அதிகம் பேசப்படும் பிஸ்டல் பெயர்கள்: ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்டர், ஃபைன்வெர்க்பாவ். விலை லட்சங்களில். இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் நினைத்தவுடன் வரவழைக்கவும் முடியாது. இவ்வளவு விலை கொடுத்தாலும் இயந்திரம் இயந்திரம்தான். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் உடைந்து, சரி செய்வதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றுக்கு அவரால் போக முடியவில்லை.

நிஜ பிஸ்டல் மாதிரியே இருக்கும் குப்பி ரகங்களுக்கு இளைஞர்களிடம் மவுசு அதிகம். பஸ் ஸ்டாண்டில், பைக்கில், ரீல்ஸ் வீடியோவில் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தால், எதிரே நிற்பவருக்கும் போலீஸுக்கும் அது பொம்மையா நிஜமா என்று தெரியாது. வீட்டிலிருந்து வெளியே எடுத்தால் பெல்லட் போடாமல், பெட்டியில் பூட்டி, பில்லோடு.

மயில், கிளி தொல்லை: தோட்டத்துக்காக வாங்கலாமா?

திண்டுக்கல் சமவெளி விவசாயிகளின் ஆத்திரம் புரிந்துகொள்ளக் கூடியது. விதைத்த கடலையை மயில் கிளறிவிடுகிறது, சோளக்கதிரைக் கிளி தின்கிறது, நத்தம் மாந்தோப்பில் குரங்கு. ஆனாலும் ஏர் கன் இதற்குத் தீர்வு இல்லை. காரணம் சட்டம்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தபட்சம் 25 ஆயிரம் ரூபாய். துப்பாக்கி பறிமுதல் ஆகும். 'லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கிதானே' என்ற வாதம் இங்கே செல்லாது. எதால் சுட்டாலும் அது வேட்டைதான்.

மயிலை விடுங்கள், கறிக்காக அடிக்கப்படும் கௌதாரி, முயல்? மைனா, கிளி? இவையும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள்தான். 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஊர்ல எல்லாரும் அடிக்கிறாங்க" என்பது கோர்ட்டில் பதில் ஆகாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பிறகு, அய்யலூர், வேடசந்தூர் பக்கக் காடுகளை ஒட்டித் துப்பாக்கியோடு நடமாடுவதே சந்தேகத்தை வரவழைக்கும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு தளர்வு கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்பது. ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறையினர். ஏர் கன்னால் பன்றியைக் கொல்லவும் முடியாது. காயப்பட்ட பன்றி சுட்டவர் மீதே பாயும். தெருநாயை, பக்கத்துக்காட்டு ஆட்டைச் சுட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது.

இதைச் சட்டத்தால் மட்டும் அல்லாமல் பேச்சாலும் மாற்றப் பார்த்த மாநிலம் அருணாசலப் பிரதேசம். 2021 மார்ச்சில் அங்கே ஏர் கன்களை மக்களே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. பறவைகள் குறைந்துபோனதுதான் காரணம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

மொட்டை மாடியில் சுடலாமா?

நாகல் நகர், பேகம்பூர் மாதிரி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் மாடியில் சுடுவது வம்பு. பெல்லட் தகரத்தைத் துளைத்து அடுத்த மாடிவரை போகும். சுவரில், கல்லில் பட்டால் எகிறித் திரும்பும். உருண்டையான இரும்பு பிபி குண்டுகள் இன்னும் மோசம், வந்த வழியே கண்ணுக்கு வரும்.

இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டையோ, பழைய துணி, ரப்பர் துண்டுகள் அடைத்த தடித்த மரப்பெட்டியோ இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மண்சுவர். சுடுபவர், பார்ப்பவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பெல்லட் ஈயம், அதே கையோடு வடை சாப்பிடக் கூடாது. அஜாக்கிரதையாகச் சுட்டு ஒருவருக்குக் கண் போனால், நியாய சன்ஹிதா 125-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

உடம்பில் பெல்லட் ஏறிவிட்டால் ஊசி, பிளேடு வைத்து நோண்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம். ஈயமா, இரும்பு பிபி-யா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரும்பு உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுத்தால் காந்தம் அதை இழுக்கும்.

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்ப நினைத்தால்?

துப்பாக்கி வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, ரைஃபிள் கிளப். திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மதுரை, இரண்டு மணி நேரத்தில் திருச்சி. இரண்டு ஊரிலும் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிக்காக வந்தபோது கூட்டம் அலைமோதியதே, அது திருச்சி ரைஃபிள் கிளப்தான். கிளப் துப்பாக்கியில் பயிற்சியாளர் முன்னிலையில் சில மாதங்கள் சுட்ட பிறகு, பிள்ளைக்குக் கை ரைஃபிளுக்கா பிஸ்டலுக்கா என்பது தானாகத் தெரியும். கடலூரில் பிறந்து உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போன இளவேனில் வாலறிவன் ரைஃபிள்காரர். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் வெண்கலம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

ஹாபிக்காக வாங்கிய பவர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. அதன் குறியும் டிரிகரும் போட்டிக்கு ஏற்றவை அல்ல. பிள்ளைக்கென்றால் அந்தப் பணத்தைக் கிளப் கட்டணத்துக்குக் கொடுப்பது லாபம்.

வீட்டில் ஏற்கனவே .22 இருந்தால்?

பெரியவர் காலத்தில் வாங்கியது, நண்பர் கொடுத்தது என்று .22 ஏர் ரைஃபிள் வீட்டில் இருந்தால் அதை ஆன்லைனில் விற்கப் பார்க்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் விற்பதும் குற்றம்தான். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு, வைத்திருக்க உரிமை இல்லாத ஆயுதத்தைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வழி செய்கிறது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வழியில் போனாலும், ஒப்படைத்ததற்கோ விண்ணப்பித்ததற்கோ ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.